காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

குடி வியாதியா கொழுப்பா என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், சட்டென்று பதில் சொல்லமாட்டேன். அந்த நாளில் கேட்டிருந்தால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் சொல்லியிருப்பேன். கொழுப்பு, வேறென்ன? அம்மை வீடு தேடி வருகிறது. குளிர்காய்ச்சல் வீடு தேடி வருகிறது. கள்ளு எவன் வீட்டுக்காவது நடந்து வந்து கதவைத் தட்டியது உண்டா? நாம்தான் எழுந்து போகிறோம். நடக்கிற காலுக்கு வியாதி என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக்கடையில் நான் இப்படிப் பேசினால் நாலு பேர் தலையாட்டுவார்கள். தலையாட்ட ஆள் இருந்தால் வாய் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் போகாமல், சாமான் கட்டி வந்த பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். ஒரு பழமொழி கையில் கிடைத்தால் அதை நாலு இடத்தில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உலகமே போட்ட பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். ரயில் பாதை வேலைக்காரர்களின் கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் முனை அடித்துக் கொடுக்கிற கொல்லுப் பட்டறை ஒன்றில் நான் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தேன். கொல்லர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பழுத்த இரும்பை இடது கைக் குறட்டால் பிடித்துப் பட்டடைமேல் வைப்பார். வலது கைச் சுத்தியால் ஓர் இடத்தில் டிக் என்று தட்டுவார். தட்டிய இடத்தில் என் சம்மட்டி இறங்க வேண்டும். அடுத்த டிக், அடுத்த அடி. பேச்சு கிடையாது. ஒரு விரல்கடை தவறினால் அவருடைய விரல்கள் இருக்காது. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதை என்னுடைய திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் குடிப்பார். ரயில் வேலைக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாயங்காலம் கள்ளுக்கடை, அது மூடிய பிறகு எங்கிருந்தோ ஒரு போத்தல் சம்சுச் சாராயம். சண்டை போடமாட்டார், தெருவில் விழமாட்டார். முகம் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. அவர் மனைவியை அண்ணி என்பேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பேச்சுக் குறைவு. விடிவதற்கு முன்பே மேட்டிலிருந்த ஒரு துரை வீட்டுக்குத் துணி துவைக்கப் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் உண்டு. சாயங்காலம் திரும்பி வந்து, ஒளித்து வைத்த போத்தல் கண்ணில் பட்டால் ஒன்றும் சொல்லாமல் சாக்கடையில் கவிழ்ப்பார். பத்து வருஷமாக இதுதான் அந்த வீட்டு நடப்பு.

எங்களோடு கோப்பிக்கடைக்கு வருகிறவர்களில் டிரஸர் ஐயாவும் ஒருவர். லயத்து மருந்துக்கடையில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிறவர். கிறிஸ்தவ வேதக்காரர். மெலிந்த உருவம், துவைத்து வெளுத்த கோட்டு. குடி ஒரு வியாதிதான் என்று சாதிக்கிற ஒரே ஆள் அவர். முதல் வருஷம் நாம்தான் கடைக்குப் போகிறோம், பிறகு உடம்பு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, அந்த உடம்புக்கு நீ சொல்லும் புத்தி கேட்காது என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பார். ஒரு நாள் சொன்னார், எங்கள் போதகர் பாவம் என்கிறார், நீ கொழுப்பு என்கிறாய், நான் வியாதி என்கிறேன், மூன்று பேரும் சேர்ந்து இந்த லயத்தில் ஒருத்தனைக்கூட நிறுத்தவில்லையே தம்பி என்று. பதில் வராத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வது போல இன்னொரு கோப்பி சொன்னேன்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் கோப்பிக்கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைந்திருந்தது. பத்துமலைக்குக் காவடி எடுக்கப் போவதாகவும், காப்புக் கட்டுகிற அன்றோடு குடியை விடுவதாகவும் சொன்னார். சாதாரணக் குரலில், சட்டை எடுக்கப் போகிறேன் என்பது போலச் சொன்னார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே போல முன்பு சொல்லியிருக்கிறார். என் நாக்கில் பழமொழி தயாராக இருந்தது.

“குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு அண்ணே” என்றேன்.

கடையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

“விடியட்டும் தம்பி, பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் தவளை இருக்க, கெட்டது வேறு ஆள்.

லயத்துக் கடைசியில், தூங்குமூஞ்சி மரத்தடியில், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் வேல் நட்டிருந்தது. அதுதான் எங்கள் கோயில். காவடி எடுக்கிறவர்கள் ஏழு நாளைக்கு முன்னால் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய நூலைக் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். கட்டிய பிறகு வீட்டுக்குப் போவதில்லை. கொட்டகையிலேயே படுக்கை, மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. முதல் தடவை எடுக்கிறவன்மேல் அந்த ஏழு நாளுக்குள் அருள் வந்துவிட்டால், அவனுடைய நேர்த்தியைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வராவிட்டால் உடுக்கை அடித்து வரவழைப்பார்கள். அண்ணன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை காப்புக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ளும்போது கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் கைகூப்பினேன்.

முதல் நாள் முழுக்க அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பழைய அழுக்கு வெளியே போகிறது என்று பூசாரி சொன்னார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலை பட்டறைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போன அவர் கை ஆடியது. செம்பு சிமிட்டித் தரையில் விழுந்து உருண்டது. பிறகு தோள் ஆடியது, தாடை ஆடியது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பூசாரி செம்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உடுக்கையை எடுத்தார்.

உடுக்கைச் சத்தம் கேட்டு லயமே வந்துவிட்டது. உடுக்கை அடிக்காமலேயே, அதுவும் இரண்டாம் நாளே அருள் இறங்கியது இங்கே யாரும் காணாத அதிசயம். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். துரை வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அண்ணி கூட்டத்தில் முன்னால் நின்றார். இரண்டு கையும் கூப்பியிருந்தன, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. போன ஞாயிறு நாலு பேர் முன்னால் இவரைப் பார்த்தா சிரித்தோம் என்று நினைத்து, அத்தனை பேர் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். என் தலைமேல் அவர் வைத்த கை படபடவென்று அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் சில மைல் தள்ளியிருக்கிற சாலாக் செலாத்தானிலிருந்துகூட ஆட்கள் குறி கேட்க வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் டிரஸர் ஐயா வந்தார். சப்பாத்தை மரத்தடியில் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். வேதக்காரர் திருநீறு வாங்க நிற்கிறாரே என்று எல்லோருக்கும் வேடிக்கை. அவர் முறை வந்ததும் கையை நீட்டினார். திருநீறு கொடுத்த அண்ணன் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். டிரஸர் நாடி பார்க்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இது சாமி இல்ல. குடியைப் பட்டுன்னு நிறுத்தினதுல உடம்பு தவிக்குது. இப்பவே கொஞ்சம் சாராயம் குடுத்தாகணும். இல்லாட்டி நாளைக்கு வலிப்பு வரும். ஆளு தங்க மாட்டார்.”

“குடிச்சா சாவான்னு கேட்டிருக்கேன் ஐயா. குடிக்காட்டி சாவான்னு உங்க வாயிலதான் கேக்குறேன்” என்றேன். நான் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறியது. “நீங்க வேதக்காரர். எங்க சாமியை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த திருநீற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் பார்த்துவிட்டு, அதை மடித்த தாளில் கொட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வீட்டில்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் வந்து கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே நான் கொட்டகையில்தான் இருந்தேன். அண்ணனுடைய கண் எங்கள்மேல் நிற்கவில்லை. தகரத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், இல்லாத எதையோ முழங்கையிலிருந்து வழித்து உதறினார். நாகம் நாகம் என்று இரண்டு முறை சொன்னார். சாமிக்கு நாகம் தெரிகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது என் மனைவிக்கு ஏழு மாதம். நானும் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்து, ஆணா பெண்ணா என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, எறும்பைத் தட்டு, எறும்பைத் தட்டு, காலில் ஏறுகிறது பார் என்றார். குரலில் அவ்வளவு பயம். பூசாரி பொருள் சொன்னார், எறும்பு சாரை சாரையாகப் போகிற மாதிரி உன் வம்சம் போகும், ஆண் பிள்ளைதான் என்று. பயந்துபோய் என்னிடம் உதவி கேட்ட ஒரு மனிதனுக்குக் கும்பிடு போட்டு, அந்த எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தேன். பிறந்தது பெண். அது இருக்கட்டும்.

உச்சிப் பொழுதில் அவர் நின்றபடியே ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, நெஞ்சுக் கூட்டிலிருந்து காற்றைப் பிழிந்த மாதிரி இருந்தது. மரம் சாய்கிற மாதிரி பின்பக்கமாக விழுந்தார். கைகால் விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. குதிகால் இரண்டும் சிமிட்டித் தரையில் அடித்துக்கொண்ட சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைவாயில் ரத்தம் வழிந்தது. அப்போது கூட்டத்தில் ஒரு பெண், சாமி ரத்தம் கேட்கிறது, கோழி அறுங்கள் என்றாள். ஒருவன் நிஜமாகவே கோழி பிடிக்க ஓடினான்.

நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். நாலு வருஷம் எனக்கு அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டிய கை. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. சாமி வந்த கை நீலமாகுமா என்று யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராத முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன். டிரஸர் வீட்டுக்கு ஓடினேன். வழி நெடுகச் செம்மண் சடக்கு கொதித்தது, காலில் செருப்பு இல்லை.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நாங்கள் வந்தபோது இழுப்பு நின்று, அண்ணன் வாய் பிளந்து குறட்டை விடுவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டிரஸர் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தார். கொஞ்சம் நினைவு வந்து விழுங்க முடிந்ததும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து சின்னப் பிராந்திப் போத்தலை எடுத்தார். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. பூசாரி குறுக்கே வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பயம். கையில் காப்பு இருக்கும்போது அது உள்ளே போகக்கூடாது, பூசம் முடியாமல் காப்பை அவிழ்த்தால் லயத்துக்கே ஆகாது, அவிழ்க்க எனக்கு அதிகாரமும் இல்லை என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்கிற பழமொழி என் நாக்குக்கு வந்தது. அதை விழுங்கினேன். பழமொழி சொன்னது போதும் என்று இருந்தது.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி டிரஸரைப் பார்த்தார்.

“இதைக் குடுத்தா பொழைப்பாரா?”

“தெரியாதும்மா. குடுக்காட்டி பொழைக்க மாட்டார். அது மட்டும் தெரியும்.”

அண்ணி கீழே உட்கார்ந்து அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார். வியர்வையில் நனைந்து காப்பின் முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் அவிழவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மஞ்சளோடு அதை வேலின் அடியில் வைத்தார்.

“லயத்துக்கு வர்றது எனக்கு வரட்டும்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அண்ணனைத் தூக்கிவந்து மரத்தடியில் பாய் போட்டுக் கிடத்தினோம். அவர் கண் திறந்து, கொடுத்த தண்ணீரை விழுங்கிய பிறகு, டிரஸர் அளவு சொல்லச் சொல்ல அண்ணி கரண்டியால் பிராந்தியை ஊற்றினார். ஒரு சொட்டு தாடையில் வழிந்தது. அதை விரலால் வழித்து மறுபடி அவர் உதட்டிலேயே தடவினார், வீணாகக்கூடாது என்று. பத்து வருஷமாகப் போத்தல் போத்தலாகச் சாக்கடையில் கொட்டிய கை அது. அதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மாட்டுவண்டியில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இன்னொரு தடவை இழுத்தது. ஆஸ்பத்திரியில் மூக்கைப் பிடுங்குகிற நாற்றத்தில் ஒரு மருந்து கொடுத்து அவரைத் தூங்கவைத்தார்கள்.

அவர் பிழைத்து வர இரண்டு வாரம் ஆனது, அங்கேயும் தினம் அளந்து பிராந்தி கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள். இடையில் தைப்பூசமும் வந்து போனது. நான் பத்துமலைக்குப் போகவில்லை. பட்டறையில் வேறு ஒரு கொல்லருக்குச் சம்மட்டி அடித்தேன், அவர் தட்டுகிற இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. குடித்தால் சாவு என்பது எனக்குத் தெரியும். குடிக்காவிட்டாலும் சாவு என்றால், மனிதனுக்கு நிற்க இடம் எங்கே இருக்கிறது? கோப்பிக்கடையில் யாரோ பேச்சை எடுத்தார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். லயத்தில் பாதிப் பேர் என்ன சொன்னார்கள் என்றால், சாமி நல்லபடியாகத்தான் வந்தது, வேதக்காரர் மருந்தால் விரட்டிவிட்டார் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஊர் வாயில் முக்கால்வாசி என் வாய்தான், இரண்டு வாரத்துக்கு முன்னால்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் டிரஸர் ஒரு சின்ன அளவுக் கிண்ணத்தைக் கொடுத்தார். காலையும் சாயங்காலமும் அதில் அளந்து பிராந்தி, நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரு கரண்டி குறைவு. அளந்து ஊற்றுவது அண்ணி. காலை அளவை ஊற்றி மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். இதற்கு நடுவில் ஆட்கள் வெற்றிலையும் பழமுமாக வர ஆரம்பித்தார்கள். அருள் வந்த உடம்பல்லவா, அடுத்த வருஷம் நிச்சயம் எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெற்றிலையை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாமிதான் வந்தது என்று நம்பினால் அடுத்த பூசத்துக்கு மறுபடி ஒரே நாளில் நிறுத்துவார், அன்றைக்குப் பிழைக்கமாட்டார். அது வியாதி என்று சொல்லிவிட்டாலோ, வியாதிக்கு நான் என்ன செய்ய முடியும் என்று பழையபடி போத்தலை எடுத்தால்? எப்படியும் அவர் உயிர்தான். டிரஸரிடம் கேட்டேன். நான் சொன்னால் வேதக்காரன் பேச்சு, சிரித்தவன் நீ, நீயே சொல்லு என்றார். ஒரு வாரம் மனதுக்குள் போட்டுப் புரட்டிவிட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து வெயிலில் கால் நீட்டியிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு உங்களுக்கு வந்தது சாமி இல்ல” என்றேன். அதற்கு மேல் எப்படிப் போவது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

“தெரியும்” என்றார்.

நான் முழித்தேன்.

“அது எனக்கு எட்டு வருசமா தினம் வர்றது தம்பி. விடிஞ்சு எந்திரிச்சா வரும். கோப்பிக் குவளையப் பிடிக்க முடியாது. ஒரு சிரட்டை சம்சு உள்ள போனாத்தான் நிக்கும். அப்புறம்தான் பட்டறைக்கு வருவேன். நிக்காம வந்து குறடு பிடிச்சிருந்தா, உன் சம்மட்டி எங்க விழுந்திருக்கும்?”

அண்ணி விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். நான் அவரைப் பட்டறையில்தான் பார்ப்பேன். நான் சம்மட்டியை ஓங்கிய ஒவ்வொரு காலையிலும் எனக்காகவும் சேர்த்து அந்தச் சிரட்டை உள்ளே போயிருக்கிறது. நாலு வருஷம் நான் இடம் தவறாமல் அடித்தேன் என்று கொண்டாடிக்கொண்டேனே.

“அப்ப ரெண்டாம் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணே?”

அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இவ எதிர்ல கைகூப்பிக்கிட்டு நின்னா. கல்யாணமாகி ஒரு நாள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்ல. அப்புறம் நீ வந்து கால்ல விழுந்த. குடிகாரனுக்குக் கை ஆடுதுன்னு சொன்னா சிரிப்பீங்க. சாமி ஆடுதுன்னா விழுந்து கும்பிடுறீங்க. சாவேன்னு எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அண்ணி கதவோரம் வந்து நின்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. திடீரென்று யாரோ இருட்டறைக்குள் தள்ளிவிட்டது போன்ற ஒரு திகைப்பு. இந்த எட்டு வருஷமும் ஒரே வீட்டில் இருந்து, தான் ஒரு விடியலும் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

“நாளைக்கு நான் வேலைக்குப் போகல” என்றார். “வரும்போது என்னை எழுப்புங்க. நான் பார்க்கணும்.”

அண்ணன் எழுந்து உள்ளே போனார். வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டி, கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடு, என்ன காரணம் என்று கேட்டால் உனக்குத்தான் நன்றாகப் பேச வருமே என்றார். நான் அன்றைக்கே வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன்: அது சாமி இல்லை, குடியை ஒரே நாளில் நிறுத்தினால் வருகிற வியாதி, அது தெரியாமல் கேலி பேசி அவரைக் காப்புக் கட்டவைத்தவன் நான். சில பேர் தாங்கள் கொடுத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டார்கள். பூசாரி வாங்காமல் தட்டை ஓரமாக வைக்கச் சொன்னார். பிறகு, லயத்தில் இன்னும் யாரெல்லாம் காலையில் குடிக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் நானும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். தோள் ஆடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் உடுக்கைக்கு நடுவில் பார்த்த அதே ஆட்டம்தான். சத்தமில்லாத அறையில் அது ரொம்பச் சின்னதாக இருந்தது. அண்ணி அவருடைய ஒரு கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தார். கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு ஒரு கரண்டி குறைகிற நாள். குடித்த பிறகும் நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. நான் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், என் பலம் முழுவதையும் போட்டுப் பிடித்தேன் போலிருக்கிறது.

“மெதுவாப் பிடிடா” என்றார் அண்ணன், பல் அடித்துக்கொள்ள. “இது கை. கடப்பாரை இல்ல.”